கூடிக் காக்கும் நல்லொழுங்கு

புதிய கல்வியாண்டு தொடங்கும் நாளில் மாணவர் பலர் புதிய உறுதி ஒன்றை மேற்கொள்வர். அதிகாலையில் எழுந்து யோகாசனம் பயில்வது, சிறிது நேரம் தியானத்தில் அமர்வது, நொறுக்குத் தீனியைக் குறைப்பது எனப் பட்டியல் நீளும். முதல் வாரம் அது நன்றாகவே நடைபெறும். பின்னர் மழை பெய்யும் ஒரு காலைப்பொழுதோ, உறவினர் இல்லத் திருமணமோ குறுக்கிட்டதும் உறுதி தளர்ந்துவிடும். ஒருவர் தமக்குத் தாமே அளித்த வாக்கை மீறினால், ஏன் என்று கேட்பார் இல்லை. நல்லெண்ணம் இருந்தும் பலர் பாதியில் நின்றுவிடுவதற்கு இதுவே முதற்காரணம்.

இக்குறையைக் கூட்டு வாழ்க்கை நீக்குவதைத் திருப்பதிக்கு மேற்கே காணலாம். முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவ்வூருக்கு அருகே, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அவர் நிறுவிய ரிஷி வேலி பள்ளி ஓர் உறைவிடப் பள்ளியாகும். அங்கே அனைவருக்கும் சைவ உணவே பரிமாறப்படுகிறது. ஞாயிறு மறையும் வேளையில் மாணவர் ஒன்றுகூடி, பேச்சின்றி அமர்ந்து, மேற்கு வானை நோக்குவர். ‘அஸ்தாசல்’ என்பது இவ்வழக்கத்தின் பெயர். தனியே அமர்ந்தால் சில நிமிடங்களில் எழுந்துவிடக்கூடிய சிறுவனும், தோழர் நடுவே அமைதியாக இருக்கப் பழகுகிறான்.

ஆயினும் கூட்டத்தால் ஆவது ஓரளவே. முறை வகுத்து இயந்திரம் போலப் பயிலும் தியானத்தைக் கிருஷ்ணமூர்த்தி ஏற்கவில்லை. விழிப்போடு கவனிப்பதே தியானம் என்பது அவர் கருத்து. அதே வேளையில், உடலைப் பேணுவதில் அவர் சோர்வடையவில்லை. தம் 70ஆம் வயதில், சென்னையைச் சேர்ந்த யோக ஆசிரியர் தேசிகாச்சாரிடம் மாணவராக அமர்ந்து ஆசனங்களைப் பயின்றார். தோழமை நம்மை உரிய நேரத்தில் உரிய இடத்திற்கு அழைத்து வரும். கவனம் செலுத்துவது அவரவர் பொறுப்பு.

கூட்டு முயற்சியின் பயன் மருத்துவ ஆய்விலும் புலப்பட்டுள்ளது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 578 பேரிடம் சென்னையில் நடந்த ஆய்வின் முடிவு 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்களுள் ஒரு பிரிவினர் வாரந்தோறும் குழுவாகக் கூடி, உணவு முறையையும் உடற்பயிற்சியையும் கற்றனர். தேவைப்பட்டோருக்கு மாத்திரையும் வழங்கப்பட்டது. மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை பெற்றோருள் 100க்குச் சுமார் 35 பேருக்கு நீரிழிவு வந்தது. குழுவில் சேர்ந்தோருள் அது சுமார் 26 ஆகக் குறைந்தது.

நல்லுணவும் கூடி உண்ணும்போதே நிலைக்கும். சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் ‘ராகி சங்கடி’ எனப்படும் கேழ்வரகுக் களி பழமையான உணவு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே உண்டு. வீட்டில் ஒருவருக்கு மட்டும் களி கிண்டினால் அது பத்தியமாகத் தோன்றும்; அனைவரும் உண்டால் அதுவே வீட்டுச் சாப்பாடு ஆகிவிடும்.

எனவே, நல்வழக்கம் ஒன்றைத் தொடங்க விரும்பும் மாணவர் முதலில் துணை தேட வேண்டும். நான்கு தோழர், ஒரு குறித்த நேரம், எளிதில் செய்யத்தக்க சிறு பயிற்சி ஆகியவை போதும். ஒருநாள் தவறினால் மறுநாள் மீண்டும் வந்து சேர்வதே உறுதி. வராத தோழனைப் பழிக்காமல், அவன் வீட்டு வாயிலில் நின்று அழைப்பதே நட்பு.

சொற்பொருள்
ஞாயிறு – சூரியன்
உறைவிடப் பள்ளி – மாணவர் தங்கிப் பயிலும் பள்ளி
பேணுதல் – காத்தல்
பத்தியம் – நோய்க்கேற்ற உணவுக் கட்டுப்பாடு

விடை எழுதுக
1. தனியே மேற்கொள்ளும் உறுதி தளர்வதற்குக் காரணம் யாது?
2. ‘அஸ்தாசல்’ – குறிப்பு எழுதுக.
3. கூட்டத்தால் இயல்வது எது? அவரவர் பொறுப்பாவது எது?
4. உம் தோழருடன் ஒரு மாதம் கடைப்பிடிக்கத்தக்க நல்வழக்கம் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய நேரத்தையும் இடத்தையும் குறித்து எழுதுக.