மலைக்கு மலை போகும் நெட் ஏன் அறுந்து போகுது?



ஆபீசுக்கு வரும் நெட்டை வயர் இழுக்காமல், இரண்டு ரேடியோப் பெட்டிகள் மூலம் மேல் டிவிஷன் படிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகலாம். ஒரு பெட்டி இந்த மலையில், மற்றது எதிர் மலையில். சாதாரண தரப் பிள்ளை ஒன்லைன் வகுப்பில் இருக்கும்போது அது அறுந்தால் அன்றைய பாடம் போச்சு. "மழை வந்தா நெட் வராது" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. காரணத்தைத் தேடணும்.

முதலில் ஒரு கொப்பி வையுங்கள். அறுந்த நேரம், மழையா, காற்றா, கரண்ட் போனதா, பெட்டியில் எந்த லைட் எரியவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த நேரம் ஆபீசில் நெட் இருந்ததா என்றும் கேளுங்கள். அங்கேயும் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் நம்ம பெட்டியில் இல்லை, ஆபீஸ் பக்கமோ நெட் தரும் கம்பனிப் பக்கமோ இருக்கும்.

1. கரண்ட்: ஒரு நொடி போய் வந்தாலும் பெட்டி நின்றுவிடும். மறுபடி எழும்ப ஓரிரு நிமிடம் பிடிக்கும். அந்தியில் எல்லா லயத்திலும் கரண்ட் இழுக்கும் நேரம் அறுந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் சின்ன யூ.பி.எஸ். வைக்கணும்.

2. வயர்: பெட்டிக்குப் போகும் நெட் வயர் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. முனையில் தண்ணீர் இறங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும். பெட்டிக்குக் கீழே வயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

3. மரம்: இப்படிப்பட்ட பெட்டிகள் பெரும்பாலும் 5 கிகாஹேர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. 2 கிலோமீட்டர் தூரத்துக்கு மழை அந்த அலையை நிறுத்தாது. நனைந்த இலைதான் குடித்துவிடும். பெட்டி பூட்டிய நாளில் சின்னதாக இருந்த நிழல் மரம் இன்று குறுக்கே வளர்ந்திருக்கும். எதிர்ப் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி 3 மீட்டராவது வெளி வேணும், 5 மீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் கிளையில் கத்தி வைக்காதீர்கள்.

4. திசை: காற்றடித்த மறுநாளிலிருந்து தொல்லை என்றால் கம்பம் அசைந்திருக்கலாம். 1 பாகை திரும்பினால் 2 கிலோமீட்டருக்கு அப்பால் 35 மீட்டர் விலகிவிடும்.

5. சிக்னல் எண்: பூட்டும் நாளிலேயே டெக்னீஷியனிடம் கேட்டு கொப்பியில் எழுதுங்கள். அது கழித்தல் எண். -60 நல்லது, -80 பலவீனம். பிறகு பார்க்கும்போது எண் இறங்கியிருந்தால் மரத்தையும் திசையையும் பார்க்கணும். எண் அப்படியே இருந்தும் அறுந்தால் கரண்டையும் வயர் முனையையும் பாருங்கள். அவையும் சரி என்றால், பக்கத்தில் வேறு பெட்டி அதே அலையில் பேசுகிறதா என்று டெக்னீஷியன் பார்த்து, அலையை மாற்றித் தருவார்.

பெற்றோரே, ஒன்றை மறக்காதீர்கள். பிள்ளைகளைக் கூரையிலோ கம்பத்திலோ ஏறவிடாதீர்கள். நனைந்த தகரம் வழுக்கும். இடி மின்னல் நேரம் கம்பத்துக்குப் பக்கத்திலேயே போகவேண்டாம். நம்ம வேலை பார்ப்பதும் எழுதுவதும். ஏறுவது அந்த வேலை தெரிந்தவர் வேலை. "நெட் வரல்ல" என்று மட்டும் சொல்லாமல் கொப்பியை அவர் கையில் கொடுங்கள். எங்கே தேடணும் என்று அவருக்கு உடனே தெரியும். பிள்ளைகளின் வகுப்பும் தப்பாது.