குடியும் குடியுரிமையும்: தென்காசி, கடையநல்லூர்த் தமிழ் முஸ்லிம்களின் சிங்கப்பூர்க் குடியேற்றம்

ஆய்வுச் சுருக்கம்

தென்காசி வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பெயர்ந்த தமிழ் முஸ்லிம்களிடையே, சட்டம் வழங்கிய குடியுரிமைக்கு முன்பே குடும்பமும் ஊர்ச்சங்கமும் பள்ளியும் நிலைபெற்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குடி, குடிமை, புலம்பெயர்வு, கடையநல்லூர், சிங்கப்பூர்.

முன்னுரை

'குடி' என்னும் சொல் தமிழில் குடும்பம், குலம், ஊர், ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. திருக்குறளில் 'குடிமை' (அதி. 96) நற்குடிப் பிறப்பின் இயல்பைக் குறிக்கிறது, இக்காலத்தில் அச்சொல் ஒரு நாட்டின் சட்டப்படியான உறுப்பினர் நிலையைக் குறிக்கிறது. இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று எதிர்கொண்ட இடமாக, குற்றால மலைச்சாரலை ஒட்டிய தென்காசியிலிருந்தும் அதன் வடக்கேயுள்ள கடையநல்லூரிலிருந்தும் சிங்கப்பூர் சென்றோரின் வரலாறு அமைகிறது. இவ்வூர்கள் 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தவை.

1. குடும்பமாகப் பெயர்தல்

கடையநல்லூர் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். நெசவு நலிந்த காலங்களில் பலர் கடல் கடந்து தொழில் தேடினர். தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து சிங்கப்பூர் சென்ற முஸ்லிம்களுள் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியராகச் சென்று மீண்டனர். தென்காசி, கடையநல்லூர் மக்களிடையே குடும்பமாகப் பெயரும் வழக்கம் மேலோங்கியது. ஆடவர் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் உழைத்தனர்; பெண்கள் மசாலா அரைத்து விற்று வருவாய் ஈட்டினர். பெண்களின் வருகையே தற்காலிகத் தங்கலைக் குடியிருப்பாக மாற்றியது எனலாம்.

2. சங்கமும் பள்ளியும்

1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. சப்பானிய ஆட்சி முடிந்த மறு ஆண்டான 1946இல் அவ்வமைப்பு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. ஊர்ச்சங்கம் தொடங்கிய பள்ளி ஊரின் பெயரைக் கொள்ளாமல், சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைக் கொண்டது கருதத்தக்கது. ஊர் அடையாளம் மொழி அடையாளமாக விரிந்ததை இது காட்டுகிறது. 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் அது மூடப்பட்டது. எனினும் அப்பெயர் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாகத் தொடர்கிறது. திரும்பிச் செல்லும் எண்ணம் மட்டுமே கொண்டோர் பள்ளி நிறுவுவது அரிது.

3. சட்டத்தின் முன் குடும்பம்

இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகப் பதிவின் வழி இந்தியக் குடிமக்களாக வாய்ப்பளித்தது. 9ஆம் உறுப்போ, தாமாக விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரை இந்தியக் குடிமக்களாக ஏற்கவில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் இக்கொள்கையையே பின்பற்றியது. 1957ஆம் ஆண்டின் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் அங்குப் பிறந்தோரைக் குடிமக்களாக ஏற்றதோடு, பத்தாண்டு வாழ்ந்து பற்றுறுதி கூறுவோர்க்கும் வழி திறந்தது.

இதனால் ஒரே குடும்பத்திற்குள் பல நிலைகள் தோன்ற இடமேற்பட்டது. கடையநல்லூரில் பிறந்த தந்தை விண்ணப்பித்துப் பெறவேண்டிய உரிமை, தஞ்சோங் பகாரில் பிறந்த மகளுக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. ஊரில் பிறந்து பின்னர் அழைக்கப்பட்ட மகன், 1953 முதல் இறுகிய குடிநுழைவுக் கட்டுப்பாடுகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1966இல் தொடங்கிய மறுபதிவில் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டையும் நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டையும் வழங்கப்பட்டன. குடி ஒன்றாயினும் குடிமை வேறாயிற்று.

4. மீட்சியின் எல்லை

2005இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, பெயரளவில் குடிமகன் என்று கூறினும் முழுமையான குடியுரிமை அன்று. அதனை உடையவர் விசா இன்றிச் சாரல் காலத்தில் குற்றாலம் வரலாம். மூதாதையர் நிலத்தை மரபுரிமையாகப் பெறலாம். ஆனால் வேளாண் நிலத்தை விலைக்கு வாங்கவோ தேர்தலில் வாக்களிக்கவோ இயலாது.

முடிவுரை

இவ்வட்டாரப் புலம்பெயர்வில் முதலில் குடும்பமும், அடுத்துச் சங்கமும் பள்ளியும், இறுதியில் சட்டப்படியான குடியுரிமையும் என்னும் வரிசை புலப்படுகிறது. சட்டம் தனிமனிதரை நோக்கிப் பேச, மக்கள் குடியாகவே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆகவே புலம்பெயர்வு ஆய்வுகள் பதிவேடுகளோடு நில்லாது, குடும்ப வரலாறுகளையும் ஊர்ச்சங்க ஆவணங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளுதல் தகும்.