கீமோவும் கூந்தலும்: முதல் ஊசிக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

“முடி கொட்டுமா டாக்டர்?” என்று கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். உயிருக்குப் போராடும் நேரத்தில் இதைப் போய்க் கேட்பதா என்ற தயக்கம். கூட வந்த சொந்தக்காரர்களும், “முடிதானே, போனா வளந்துரும், விடு” என்று வாயை அடைத்துவிடுவார்கள். வளரும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் கேளுங்கள், முதல் கீமோவுக்கு முன்பே கேளுங்கள். முடியைக் காப்பாற்ற ஆய்வுகளில் தேறிய வழி ஒன்று இருக்கிறது. அதை முதல் ஊசியன்றே தொடங்கியாக வேண்டும். முடி கொட்டத் தொடங்கிய பிறகு நினைத்துக்கொண்டால் காலம் கடந்துவிடும்.

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் செல் மட்டுமா வேகமாகப் பெருகுகிறது? மயிர்க்காலின் அடியில் இருக்கும் செல்களும் அப்படித்தான். தலையில் உள்ள முடியில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரமும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அடி விழுந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக வந்துவிடுகிறது. மயிர்க்கால் மட்டும் பெரும்பாலும் சாவதில்லை. பிறகு முடி முளைப்பது அதனால்தான்.

மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

எல்லாக் கீமோவும் மொட்டையாக்குவதில்லை. சிவப்பு ஊசி என்று நோயாளிகள் சொல்லும் டாக்ஸோரூபிசின், அதன் இனமான எபிரூபிசின், பாக்ளிடாக்சல், டோசிடாக்சல், எட்டோபோசைட், இஃபோஸ்பமைடு ஆகியவற்றில் ஒன்று உங்கள் சீட்டில் இருந்தால் முழுதாகக் கொட்டும் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஃபைவ் எஃப்யூ, ஆக்ஸாலிபிளாட்டின், ஜெம்சிடபின், கேப்சிடபின் மாத்திரை போன்றவற்றில் முடி மெலியும், அவ்வளவுதான். குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களில் பலருக்கு இந்த இரண்டாம் வகை மருந்துகள்தான் போகின்றன. பக்கத்துப் படுக்கைக்காரரின் தலையைப் பார்த்துப் பயந்து இவர்களும் முன்கூட்டியே மொட்டை போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

மருந்தின் பெயர் தெரிந்ததும் இன்னும் இரண்டு கேள்விகள்: என் நோய்க்குத் தலையைக் குளிர்விக்கும் முறை பொருந்துமா? இந்த மருத்துவமனையில் அது உண்டா, ஒரு தடவைக்கு என்ன செலவு?

குளிர் தொப்பி

மருந்து உடம்பில் ஏறும் நேரத்தில் தலைத்தோலைக் குளிரவைத்தால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், மயிர்க்கால் செல்களின் வேலையும் மந்தமாகும். மருந்து குறைவாகப் போய்ச் சேரும், சேர்ந்ததும் குறைவாகவே கெடுக்கும். இன்றைக்கு உலகெங்கும் பயன்படும் கருவிகளில் ஒன்றான பாக்ஸ்மன், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பியரைக் குளிர்விக்கும் கருவி செய்துவந்த குடும்பத்திலிருந்து வந்தது. கீமோவில் மனைவியின் முடி போனதைப் பார்த்த கிளென் பாக்ஸ்மன், தனக்குத் தெரிந்த தொழிலையே தலைக்குத் திருப்பினார். அமெரிக்காவில் டிக்னிகேப் என்ற கருவிக்கு 2015-லும், பாக்ஸ்மனுக்கு 2017-லும் அனுமதி கிடைத்தது.

எவ்வளவு பலன்? 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து, தொப்பி அணிந்த பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முடி நின்றது. அணியாதவர்களில் ஒருவருக்குக்கூட நிற்கவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ‘நின்றது’ என்றால் பாதிக்கு மேல் முடி தங்கியது, விக் தேவைப்படவில்லை என்று பொருள். ஒரு முடியும் உதிரவில்லை என்று பொருளல்ல. டாக்சல் வகை மருந்துகளுக்குப் பலன் கூடுதல், சிவப்பு ஊசிக்குக் குறைவு. காசைக் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடன் வாங்கிச் செய்ய வேண்டிய காரியம் இது இல்லை என்பது என் கருத்து.

ரத்தப் புற்றுநோய், லிம்போமா உள்ளவர்களுக்கு இது கூடாது. நோய் செல்கள் தலைத்தோலிலும் இருக்கக்கூடும், அவற்றுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். குளிர் பட்டால் ரத்தம் உறையும் தன்மையுள்ள அரிய நோய்கள் இருப்பவர்களுக்கும், தலைக்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கும் இல்லை.

செய்யும் விதம் இது. அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள். செவிலியர் முடியை லேசாக நனைத்து, நெற்றியிலிருந்து பின்பக்கமாகச் சீவி, தொப்பியை இறுக்கமாகப் பொருத்துவார். மருந்து தொடங்கச் சுமார் அரை மணி நேரம் முன்பே குளிர் தொடங்கிவிடும், மருந்து முடிந்து ஒன்றரை மணி நேரம் வரைகூட நீளும். எவ்வளவு நேரம் என்பது மருந்தைப் பொறுத்தது. தொப்பிக்கும் தலைக்கும் இடையே காற்று நின்றால் அந்த இடத்தில் மட்டும் வட்டமாகக் கொட்டும். உச்சியில் தொடவில்லை என்று தோன்றினால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தலை விண்ணென்று வலிக்கும், பிறகு மரத்துப்போகும். போர்வை, காலுறை, சூடான காபி கையோடு இருக்கட்டும்.

வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் பையை வைத்து நீங்களே செய்துபார்க்காதீர்கள். குளிரின் அளவு தெரியாமல் வைத்தால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

கொட்டும் என்று தெரிந்தால்

முதல் கீமோவுக்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் கையில் இருக்கும். நீளமான பின்னல் வைத்திருப்பவர்கள் தோள் வரையோ, கிராப்பாகவோ வெட்டிக்கொள்ளுங்கள். முழங்கை நீளத்துக்குக் கொத்தாக வருவதைப் பார்ப்பதைவிட, குட்டை முடி உதிர்வதைத் தாங்கிக்கொள்வது எளிது. வெட்டும் முன் கூந்தலை அலசிக் காயவைத்து, பின்னி, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டு, மேல் பேண்டுக்கு மேலே வெட்டச் சொல்லுங்கள். ஒரு முழு விக்குக்குப் பலருடைய முடி தேவை, உங்களுடைய ஒரு பின்னல் போதாது. ஆனால் பருத்தித் தொப்பியின் விளிம்பில் அதைத் தைத்து, மேலே ஸ்கார்ஃப் கட்டினால் நெற்றியிலும் கழுத்திலும் உங்கள் சொந்த முடியே தெரியும். சவுரி செய்பவர்களுக்கு இந்த வேலை பழக்கம்.

புருவத்தோடு சேர்த்து முகத்தை நேராக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டாக்சல் மருந்துகளில் புருவமும் இமை முடியும் போவது உண்டு. பென்சிலால் வரையும்போது பழைய வளைவு எங்கே இருந்தது என்று அந்தப் படம் காட்டும்.

அந்த வாரத்திலிருந்து ஹேர் டை, கறுப்பு மருதாணி, ஸ்மூத்னிங், டிரையர், இறுக்கமான பின்னல் எதுவும் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வெதுவெதுப்பான நீரில் மென்மையான ஷாம்பு போதும். துண்டால் பரபரவென்று துவட்டாமல் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள். முடி போய்விடுமோ என்று பயந்து சீவாமலும் குளிக்காமலும் விட்டால் ஜடையாகத் திரண்டுகொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தலைத்தோல் வறண்டு அரித்தால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் மெல்லத் தடவலாம், தப்பில்லை. சூடுபடுத்தி அழுத்தித் தேய்ப்பதும், வெங்காயச் சாறும், சொரசொரப்பான சீயக்காய், அரப்புத் தூள்களும் இந்த நாட்களுக்கு ஆகாது. கரிசலாங்கண்ணித் தைலமோ வேறெந்தத் தைலமோ கீமோவில் முடியை நிறுத்தாது. யார் என்ன விளம்பரம் செய்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். பயோட்டின் மாத்திரையும் அப்படியே. அதோடு தைராய்டு, இதயம் தொடர்பான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது தப்பாகக் காட்டவைக்கும். டாக்டரிடம் சொல்லாமல் விழுங்காதீர்கள்.

கொட்டும் வாரமும் மொட்டையும்

முடி கொட்டுவதற்கு ஓரிரு நாள் முன்பு தலைத்தோல் வலிக்கும். தலையணையில் சாய்ந்தால் முள் குத்துவதுபோல் இருக்கும். பலர் இதைக் கண்டு கலங்குகிறார்கள். இது வழக்கமானதுதான். வழுவழுப்பான துணியில் தலையணை உறை போட்டு, இரவில் மெல்லிய பருத்தித் தொப்பி அணிந்து படுத்தால் உறுத்தல் குறையும், படுக்கை முழுவதும் முடியும் சிதறாது. குளியலறை நீர்ப்போக்கில் ஒரு வலையைப் போட்டுவிடுங்கள்.

வழித்துவிடலாம் என்று பலர் இந்தக் கட்டத்தில் முடிவெடுப்பார்கள். நல்ல முடிவுதான், ஆனால் சலூன் கத்தி வேண்டாம். கீமோ போட்டு ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் ரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், பிளேட்லெட்டும் குறையலாம். அப்போது ஒரு சிறு கீறல் போதும், கிருமி நுழைந்துவிடும். டிரிம்மரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். மிச்சம் நிற்கும் குட்டை முடி குத்தினால், துணியில் ஒட்டிய தூசியை எடுக்கும் ஒட்டு உருளையைத் தலையில் உருட்டினால் வந்துவிடும். தலையில் பரு கிளம்பினால் பிதுக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பழனிக்கும் திருப்பதிக்கும் சமயபுரத்துக்கும் முடி கொடுப்பது நமக்குப் பழக்கம். அதனால் மொட்டைத் தலையோடு தெருவில் நடந்தால், “எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்க?” என்றுதான் கேட்பார்கள். நோயைச் சொல்ல விருப்பமில்லாதவர்கள் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம், எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் பள்ளி போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவின் முடி ஒரே நாளில் காணாமல் போவது அவர்களுக்குத்தான் பெரிய அதிர்ச்சி.

வெறும் தலைக்கு வெயில் ஆகாது. வெளியே போனால் தொப்பியோ குடையோ வேண்டும், இரண்டும் இல்லையென்றால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். இமை முடி போனவர்கள் தூசிக்குக் கண்ணாடி போடுங்கள், ஒட்டு இமை வைக்காதீர்கள். மூக்கு முடியும் போவதால் மூக்கு சும்மா ஒழுகும். சளி என்று நினைக்க வேண்டாம், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

விக் வாங்குவதாக இருந்தால்

முடி இருக்கும்போதே போய் நிறத்தையும் வகிடையும் பொருத்திப் பாருங்கள். அளவை மட்டும் சரிசெய்துகொள்ளும் பட்டியுடன் வாங்குங்கள், ஏனென்றால் முடி போனதும் தலைச் சுற்றளவு குறையும். செயற்கை இழை விக் விலை குறைவு, துவைத்தாலும் வடிவம் மாறாது. ஆனால் அடுப்படிக்கு ஆகாது. தோசைக்கல் முன் குனிந்தாலோ, இட்லிப் பானையைத் திறந்தாலோ நெற்றி முடி சுருண்டு கருகிவிடும். சமையல் நேரத்தில் கழற்றி வைத்துவிடுங்கள். மனித முடி விக் அவ்வளவு சீக்கிரம் கருகாது, விலையும் பராமரிப்பும் அதிகம். எதுவானாலும் உள்ளே பருத்தித் தொப்பி போடுங்கள், பசை ஒட்டும் வகையைச் சிகிச்சை முடியும்வரை தவிருங்கள். சென்னை வெயிலில் நாள் முழுக்க விக் வைத்திருப்பது தண்டனை. பெரும்பாலானோர் கல்யாணத்துக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நேரம் பழைய பருத்தித் துப்பட்டாவுக்கு வந்துவிடுகிறார்கள். தானமாக வந்த முடியில் செய்த விக்கை இலவசமாகத் தருவோர் இருக்கிறார்களா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் விசாரித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

மறுபடி முளைக்கும்போது

கடைசி கீமோ முடிந்து மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் பூனை மயிர்போல் எட்டிப்பார்க்கும். பிறகு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு. ஆறு மாதத்தில் ஆண்களின் கிராப் அளவுக்கு வரும். நேர்முடிக்காரர்களுக்குச் சுருட்டையாகவும், கறுப்பாக இருந்தது நரையாகவும் முளைப்பது சகஜம். பலருக்கு நாளடைவில் பழையபடி திரும்பிவிடும். ‘இன்னும் இரண்டு மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும்’ என்பார்கள். மயிர்க்கால் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே வழிப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஓரங்களை ஒழுங்கு செய்ய மட்டும் வெட்டுங்கள்.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து கீமோவின்போது கொட்டுவதைத் தடுக்காது. ஆனால் திரும்ப முளைப்பதைச் சற்று விரைவாக்கியதாக ஆய்வு உண்டு. தோல் மருத்துவர் பார்த்துச் சொன்னால் பயன்படுத்தலாம். ஹேர் டைக்கு ஆறு மாதம் பொறுங்கள். அதற்குப் பிறகும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு.

ஆறு மாதம் கழிந்தும் உச்சி தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். தைராய்டு, இரும்புச் சத்து, வைட்டமின் டி குறைபாடு காரணமாக இருக்கலாம், சரிசெய்ய முடியும். டோசிடாக்சல் எடுத்தவர்களில் சிலருக்கு முடி முழுதாகத் திரும்புவதில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு தமாக்ஸிஃபென், லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் முடி மெலியக்கூடும். அதற்காக யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பாமல் காப்பது அந்த மாத்திரைதான். முடி மெலிகிறது என்று உங்கள் ஆன்காலஜிஸ்டிடமே சொல்லுங்கள், வழி இருந்தால் அவர் சொல்வார்.