வரையாடு பார்க்க ஏழு மாதக் குழந்தையோடு

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு மாதம் முடிந்திருக்கிறது. தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் கொடுக்கிறேன். பொங்கல் விடுமுறையில் மதுரையிலிருந்து காரில் மூணாறு போய், இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க வேண்டும் என்று என் கணவர் ஆசைப்படுகிறார். இரண்டே நாளில் மாட்டுப்பட்டி அணை, டாப் ஸ்டேஷன் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார். “பச்சைப் பிள்ளையைப் பனியில் தூக்கிக்கொண்டு போகாதே, சளி கட்டிக்கொள்ளும்” என்று மாமியார் தடுக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு எங்கும் போகாத எனக்கும் போக ஆசைதான். போகலாமா டாக்டர்?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பொங்கலுக்கு வேண்டாம். இரண்டு நாளில் எல்லாம் என்பதும் வேண்டாம்.

உங்கள் மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவர் பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல, கூட்டத்துக்கு. சளி, காய்ச்சல், இருமலைக் கொண்டுவருபவை வைரஸ்கள். அவை மலைக்காற்றில் இல்லை, நம் பக்கத்தில் நின்று இருமுகிறவரிடம் இருக்கின்றன. இரவிகுளத்தில் நம் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். வாயிலில் இறங்கி, வனத்துறை இயக்கும் பேருந்தில்தான் பூங்காவுக்குள் பார்வையாளர்களை அனுமதிக்கும் பகுதியான ராஜமலைக்குப் போக வேண்டும். விடுமுறை நாட்களில் அந்தப் பேருந்துக்கான வரிசை மிக நீளமாக இருக்கும். வரிசையில் நெருக்கியடித்து நின்று, பிறகு கண்ணாடி மூடிய பேருந்தில் உட்கார்ந்து போவதுதான் இந்தப் பயணத்திலேயே குழந்தைக்கு ஆபத்தான பகுதி. தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்த பிறகே போடப்படுகிறது என்பதையும் மறக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஃப்ளூ தடுப்பூசி போடலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டு, பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் மூணாறின் இரவு சில நாட்களில் பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும். விடியற்காலையில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும். பெரியவர்களுக்கு அது அழகு, ஏழு மாதக் குழந்தைக்கு வேண்டாத சோதனை. பிப்ரவரி, மார்ச்சில் போகலாம் என்று நினைத்தால், அப்போது பொதுவாகப் பூங்காவையே மூடிவிடுவார்கள். வரையாடுகள் குட்டி போட்டு வளர்க்கும் காலம் அது. தாயையும் குட்டியையும் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக ஒரு மலையையே சாத்தி வைக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் நமக்கு இந்த ஏற்பாட்டின் அருமை நன்றாகவே புரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடும் மழை, அட்டைகள், மண்சரிவு. ஏப்ரல் முதல் பாதியில், பள்ளி விடுமுறைக் கூட்டம் தொடங்குவதற்கு முன், விடுமுறை ஒட்டாத ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையாகப் பாருங்கள். பூங்கா திறந்த செய்தியை உறுதி செய்துகொண்டு, இணையத்தில் முன்பதிவு செய்து, காலையின் முதல் சில பேருந்துகளில் ஒன்றில் ஏறிவிடுங்கள். அதற்குள் குழந்தைக்கு ஒன்பது மாதத் தடுப்பூசியும் போட்டு முடிந்திருக்கும்.

உயரத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். உயர மலை நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரும். ஆனைமுடிச் சிகரம் 2695 மீட்டர், ஆனால் அதில் ஏற அனுமதி கிடையாது. பார்வையாளர்கள் நடக்கும் ராஜமலைப் பாதை 2500 மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தைக்கு அந்த உயரம் பிரச்சினை இல்லை. குறைமாதத்தில் பிறந்தவள், இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ளவள் என்றால் மட்டும் முதலில் அவளைப் பார்க்கும் மருத்துவரைக் கேளுங்கள்.

போடிமெட்டு வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வயதுக்குள் பிள்ளைகள் பயணத்தில் குமட்டி வாந்தி எடுப்பது அபூர்வம். காது அடைப்புதான் அழ வைக்கும், அதுவும் இறங்கும்போது அதிகம். விழுங்கினால் காது திறக்கும். அதற்காக ஓடும் காரில் மடியில் வைத்துப் பால் கொடுக்காதீர்கள். வழியில் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள், தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள், பிறகு கிளம்புங்கள். மூக்கடைப்பு இருந்தால் புறப்படுமுன் உப்புநீர்ச் சொட்டு மருந்து விடலாம். பின்னிருக்கையில், பின்புறம் பார்த்தபடி பொருத்தும் குழந்தை இருக்கை கட்டாயம் வேண்டும். முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வாந்தி வராமல் இருக்க நாம் போட்டுக்கொள்ளும் ப்ரோமெத்தசின் மாத்திரையை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கால் பங்குகூடக் கொடுக்கக் கூடாது. மூச்சே தடைபடலாம்.

ராஜமலையில் பேருந்திலிருந்து இறங்கியதும் ஏற்றமான சாலையில் நடக்க வேண்டும். தள்ளுவண்டியைப் பேருந்தில் ஏற்றி இறக்குவதே பெரும்பாடு, அது வேண்டாம். குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் போதும். அந்த மலைகளில் வாழும் முதுவர் பழங்குடியினர் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள். குழந்தையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு நடப்பது அந்தப் பெண்களுக்குத் தலைமுறைப் பழக்கம். உங்களுக்கு அது புதிது என்பதால் முன்பக்கம் கட்டிக்கொள்ளுங்கள். முகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் முட்டக் கூடாது, தொடைகள் விரிந்து முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். தூக்கி நடப்பவருக்கு ஏற்றத்தில் வேர்க்கும், ஸ்வெட்டரைக் கழற்றுவார். குழந்தையோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, தொங்கும் கால்களில் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. உங்களுக்குச் சூடாக இருப்பதை வைத்து அவளுக்கும் சூடு என்று முடிவு செய்யாதீர்கள். கைவிரல் சில்லிட்டிருப்பது சாதாரணம். பிடரியிலோ நெஞ்சிலோ கைவைத்துப் பாருங்கள். அங்கே குளிர்ந்திருந்தால் இன்னொரு உடுப்பு, வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கனமான ஒரே கம்பளிக்குப் பதில் மெல்லிய பருத்தி உடுப்புகள் இரண்டு மூன்றும் மேலே ஒரு கம்பளியும், காலுறை, காது மூடும் குல்லாய். அறைக்குத் திரும்பித் தூங்க வைக்கும்போது குல்லாயைக் கழற்றிவிடுங்கள். அறைக்குள் கரி நெருப்பு மூட்டிக் குளிர்காயவே கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் குடும்பத்தையே கொன்றுவிடும்.

வழியெங்கும் மலைத்தேனும் மறையூர் வெல்லமும் விற்பார்கள். வாங்குங்கள், ஆனால் அவளுக்கு இல்லை. ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளிகூட நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மாமியார் ஆசையோடு தடவ வந்தாலும் இதை அன்போடு சொல்லித் தடுங்கள். சாப்பாடு வீட்டில் பழகியதே போதும், புதிய உணவை மலையில் தொடங்க வேண்டாம்.

வரையாடுகள் அங்கே சாலையோரம் வந்து பயமின்றி மேயும். குழந்தையை அதன் அருகே நீட்டிப் படம் எடுக்காதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள். காட்டு விலங்கு மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகுவது அதற்குக் கேடு. 1975-இல் சரணாலயமாகி 1978-இல் தேசியப் பூங்காவான இந்த 97 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும்தான் அந்த இனத்தின் மிகப் பெரிய புகலிடங்களில் ஒன்று. பயன்படுத்திய டயப்பர், துடைப்பான் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அறைக்கே கொண்டுவாருங்கள்.

இரண்டு நாட்களில் இந்தப் பூங்கா ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் போய்ச் சேர்ந்து ஓய்வு. மறுநாள் காலை ராஜமலை, மதியம் அறையில் தூக்கம். டாப் ஸ்டேஷன் எங்கும் போய்விடாது. இந்த மலைகளில் 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி மறுபடி 2030-இல் பூக்க வேண்டும். அப்போது உங்கள் மகள் தன் காலாலேயே நடந்து வருவாள். மேலே போனதும் குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் தனியாகக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு வெளியே போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தப் பயணம் முதலில் உங்களுக்குத்தான் மருந்து.

பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைய திட்டத்தை விட்டுவிட்டு மூணாறிலேயே மருத்துவமனைக்குப் போங்கள், மதுரை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். கிளம்பும் நாளில் அவளுக்குக் காய்ச்சலோ மூக்கடைப்போ இருந்தால் முன்பதிவுப் பணம் போனாலும் போகட்டும், தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.