குளிரா, புகையா?

கேள்வி: மரத்தின் ஆண்டு வளையம் மெலிந்திருந்தால், காரணம் குளிரா, புகையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: ஒற்றை வளையத்தை வைத்துச் சொல்ல முடியாது. செக்–ஜெர்மனி எல்லையில் இருக்கும் எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடரைப் பாருங்கள். அந்தக் குளிர்ந்த உச்சிகளில் கோடை இதமாக அமைந்தால் ஸ்ப்ரூஸ் மரத்தின் வளையம் அகலும். மரத்தை வெட்டாமலே துளையிட்டு, பென்சிலைவிட மெல்லிய மாதிரி எடுத்து, வானிலைப் பதிவுகளோடு ஒப்பிடுவார்கள்.

1970, 80களில் இந்தக் கணக்கு பிசகியது. நல்ல கோடையிலும் வளையம் மெலிந்தது; சில மரங்களில் சில ஆண்டுகளுக்கு வளையமே காணோம்! பழுப்பு நிலக்கரி மின்நிலையங்கள் கக்கிய கந்தக டைஆக்சைடுதான் முக்கியக் குற்றவாளி. கடுங்குளிர் அதற்கு உடந்தை. 1990களில் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கத் தொடங்கியதும், பிழைத்த மரங்களில் வளையம் மளமளவென்று அகன்றது. இப்போது தாழ்வான சரிவுகளில் வறட்சிதான் வளையத்தை இறுக்குகிறது.