தூதோலையைக் கிழித்தலும் சிறுமலை வாழையும்

திண்டுக்கல் நகருக்குத் தெற்கே நீலநிறம் பூத்து நிற்கும் சிறுமலையை அறியாதார் நம்முள் இலர். அம்மலையில் விளையும் வாழைக்கனி உருவிற் சிறிதாயினும் மணத்தாலும் சுவையாலும் சிறந்தது. நீர்ப்பசை குறைந்து, பலநாள் கெடாதிருக்கும் இயல்பினது. அதனாலன்றோ பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு விருப்பாட்சி வாழையும் சிறுமலை வாழையும் உரியனவாயின! இவ்விரண்டும் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. எனினும் மலைவாழை முன்போல் மிகுதியாக விளைவதில்லை. கீழ்ப்பழனி மலைப்பகுதியில் 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் பரப்பில் விளைந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று. இவ்வழிவிற்குப் பெருங்காரணமாய் நின்றது முடிக்கொத்து நோய் என்பதாகும். அந்நோயின் இயல்பையும், அதனை எதிர்க்க வாழைக்குள்ளேயே அமைந்துள்ள ஒரு கருவியையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் உயிரணுவின் அரசியலைச் சிறிது அறிதல் வேண்டும். ஒவ்வோர் உயிரணுவின் கருவினுள்ளும் டி.என்.ஏ. என்னும் மூல ஓலை காக்கப்பட்டுள்ளது. புரதங்கள் அனைத்திற்கும் உரிய விதிகள் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. மூல ஓலை கருவை விட்டு வெளிச்செல்லாது. வேண்டிய பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எழுதப்பெற்று வெளியே அனுப்பப்படும். அந்நகலைப் படித்துப் புரதம் சமைப்பவை ரைபோசோம்கள். இத்தூதின் உண்மை 1961இல் பிரென்னர், ஜேக்கப், மெசல்சன் முதலியோரின் ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்டது.

இனி ஒரு வினா எழும். அனுப்பிய ஓலை அழியாது நின்றால் யாது நேரும்? மன்னன் போர் முடிந்தது என்று எண்ணிய பின்னரும், பழைய ஓலையைக் கையிற்கொண்ட சேனை போர் செய்து கொண்டேயிருக்கும் அன்றோ? ஆதலின் ஓலை எழுதுதல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அதனை உரிய காலத்தில் அழித்தலும். பாக்டீரியாக்களின் தூதோலைகள் பெரும்பாலும் சில நிமிடங்களே வாழ்வன. செடி, விலங்கு ஆகியவற்றில் சில நிமிடங்களில் அழிவனவும் உள. பல மணி நேரம் நிலைப்பனவும் உள. நீண்ட நாள் வாழும் ஓலையால் மிகுந்த புரதமும், விரைவில் அழியும் ஓலையால் சிறிதளவு புரதமும் உண்டாகும். எனவே, ஓலையின் ஆயுளை மாற்றுவதாலேயே உயிரணு தன் ஆணைகளை மிகுக்கவும் குறைக்கவும் வல்லதாகின்றது.

இவ்வழிவு ஒழுங்கின்றி நிகழ்வதன்று. தூதோலையின் முற்பக்கத்தில் ஒரு மூடியும், பிற்பக்கத்தில் அடினீன் என்னும் பொருள் தொடர்ந்து அமைந்த ஒரு வாலும் உள. அவ்விரண்டும் அதற்குக் காவல். முதலில் வால் சிறிது சிறிதாகக் குறுகும். பின்னர் மூடி கழற்றப்படும். காவலிழந்த ஓலையை நொதிகள் முனையிலிருந்து அரித்துவிடும். உதிர்ந்த துண்டுகள் வீணாவதில்லை. புதிய ஓலைகள் எழுதுதற்கு அவையே மீண்டும் பயன்படும்.

இங்ஙனம் தன் ஓலைகளை ஒழுங்காக அழிக்கும் உயிரணு, பகைவன் எழுதிய ஓலையையும் கண்டறிந்து கிழிக்க வல்லது. இரட்டை இழையாக அமைந்த ஆர்.என்.ஏ. உயிரணுவிற் காணப்படின், டைசர் என்னும் நொதி அதனை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டும். அத்துண்டின் ஓரிழையை ஆர்கோநாட் என்னும் புரதம் அடையாளச் சீட்டாகக் கைக்கொண்டு, அதனோடு பொருந்தும் எழுத்துகளை உடைய தூதோலையைத் தேடிச்சென்று வெட்டி வீழ்த்தும். இரட்டை இழையே இவ்வடக்குமுறைக்குத் தூண்டுகோல் என்பதைப் புழுவிற் கண்டு 1998இல் வெளியிட்ட ஃபயர், மெல்லோ என்பார்க்கு 2006இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி வாழைக்கு வருவோம். முடிக்கொத்து நோயை விளைப்பது ஒரு வைரசு. அதன் டி.என்.ஏ. ஆறு சிறு வளையங்களாக உள்ளது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 எழுத்து நீளமுடையது. இந்நோய் 1913இல் இலங்கையிற் காணப்பட்டு, 1940ஐ ஒட்டி ஆங்கிருந்து கேரள நாட்டிற் புகுந்தது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி மரத்திற்கு மரம் இதனைக் கொண்டு செல்லும். நோயுற்ற தாய்மரத்தின் கன்றும் நோயுடனேயே பிறக்கும். இலைக்காம்பில் தந்திக் குறிகளைப் போன்ற கரும்பச்சைக் கோடுகள் முதலில் தோன்றும். பின்னர் இலைகள் குறுகி, நிமிர்ந்து, முடியிற் கொத்தாக நெருங்கும்; தார் ஈனாது மரம் வீணாகும்.

வாழைக்கு ஓலை கிழிக்கும் ஆற்றல் இருந்தும் அது தோற்பது ஏன்? வைரசு வாளாவிருப்பதில்லை, அவ்வாற்றலை மழுக்கும் புரதங்களைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. காவலன் விழிக்கும் முன்னரே அவன் கை கட்டப்படுகின்றது. ஆதலின் அடையாளச் சீட்டை முன்கூட்டியே வாழைக்கு அளித்தல் கூடுமா என அறிஞர் ஆராய்ந்தனர். வைரசு தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான மரபணுவின் ஒரு பகுதியை, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வாக மடியும் வண்ணம் அமைத்து, வாழையின் உயிரணுவிற் புகுத்தினர். டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் ரஸ்தாளி வாழையில் இவ்வாறு செய்து 2012இல் வெளியிட்டனர். அக்கன்றுகளில் வைரசைச் செலுத்தி ஆறு திங்கள் நோக்கியும் நோய்க்குறி தோன்றவில்லை. நம் விருப்பாட்சி மலைவாழையிலும் இம்முறையைக் கையாண்ட ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது.

ஆயினும் இவ்வாழைகள் நம் நாட்டு உழவர் தோட்டங்களுக்கு இன்னும் வரவில்லை. அதுவரை மலைவாழையைக் காப்பன பழைய முறைகளே: நோயற்ற கன்றை நடுதல், அசுவினியை அடக்குதல், நோய்கண்ட மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழித்தல். ஆசையால் ஒரு மரத்தை விட்டுவைப்பவன் அண்டைத் தோட்டத்திற்கும் கேடு சூழ்கின்றான்.

ஆணை எழுதுவோனைப் போற்றும் உலகம், பயன் முடிந்த ஆணையை அழிப்போனை எண்ணுவதில்லை. உயிரணுவோ இவ்விரு தொழிலையும் ஒப்ப மதிக்கின்றது. உயிர்நூல் பயிலும் மாணவர், சிறுமலைக் கனியைக் கையிலெடுக்கும் பொழுது இவ்வுண்மையை நினைவாராக. அம்மலையடிவாரத்து உழவர் வீடுகளிற் பிறந்து இங்குக் கற்பவர், இலைக்காம்பின் கரும்பச்சைக் கோட்டைத் தம் தந்தையர்க்கு இனங்காட்டுவாராயின், கற்றதனாலாய பயன் அதுவேயாகும்.