ரெயில் பிரஷர் குறைவா? பம்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

பொள்ளாச்சித் தேங்காயோ மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கோ, லோடோடு மேடேறும்போது பிக்கப் வண்டி இழுக்காமல், ஸ்கேனரில் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம்) குறைவு என்று வந்தால், உடனே ஹை பிரஷர் பம்பைக் கழற்றச் சொல்லாதீர்கள். பம்புக்கு டீசல் சரியாக வராவிட்டாலும் ஸ்கேனர் அதையேதான் காட்டும். முதலில் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். பிறகு ஃபில்டரை மாற்றுங்கள். மேட்டில்தான் டீசல் அதிகம் தேவை, அடைப்பும் அங்கேதான் வெளிப்படும். "போன மாசந்தானுங்க மாத்துனேன்" என்பது நியாயமான மறுப்புதான்; ஆனால் கேனில் வாங்கி ஊற்றிய டீசலில் தூசி இருந்தால் புது ஃபில்டரும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அடுத்து, டேங்கிலிருந்து வரும் லைனில் உள்ளே தெரிகிற ஹோஸ் ஒரு துண்டு மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் வெடித்த ஹோஸையோ தளர்ந்த கிளிப்பையோ தேடுங்கள். டீசல் ஒழுகவில்லையே என்பீர்கள். டேங்கில் மோட்டார் இல்லாத வண்டியில் அந்த ஓட்டை காற்றை உள்ளே இழுக்கும், டீசலை வெளியே விடாது.

இதெல்லாம் சரியென்றால், இன்ஜெக்டர் ரிட்டர்ன் ஒவ்வொன்றையும் தனித்தனி பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட்டுங்கள்; எந்த பாட்டில் முந்தி நிரம்புகிறதோ, பிரஷரைத் தின்பது அந்த இன்ஜெக்டர்தான். பழைய இன்ஜின் பழக்கத்தில், ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை மட்டும் தளர்த்தாதீர்கள். 1,000 பாருக்கு மேலும் போகக்கூடிய பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். புள்ளி அளவு காயமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.